திடீர் செவித்திறன் இழப்பு: மாத்திரையா, காதினுள் ஊசியா, டிரிப்ஸா?

இரவு உறங்கச் செல்லும்போது நன்றாகக் கேட்ட காது, காலையில் கண்விழிக்கும்போது கேட்காமற்போகலாம். வலி இருக்காது, சீழ் வடியாது, காய்ச்சலும் இருக்காது. காது அடைத்துக்கொண்டது போன்ற உணர்வும், உள்ளே ஓயாத ஓர் இரைச்சலும் மட்டுமே இருக்கும். சிலருக்குத் தலைசுற்றலும் சேர்ந்துகொள்ளும்.

மரக்காணம் உப்பளங்களில் வெயில் ஏறுமுன் உப்பு வாரி முடிக்க விடியற்காலையிலேயே வேலைக்குப் புறப்படுபவர்கள், இத்தகைய அடைப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கடலில் குளித்தபோது தண்ணீர் புகுந்திருக்கும் என்றோ, கடற்காற்று அடைத்துக்கொண்டது என்றோ எண்ணுகிறார்கள். வீட்டில் தேங்காயெண்ணெயைச் சுடவைத்துக் காதில் விடுகிறார்கள். அது பயன் தராதபோது மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்குகிறார்கள். இவ்வாறு பத்து நாட்கள் கழிந்துவிடுகின்றன. உண்மையில் அந்தப் பத்து நாட்களே சிகிச்சைக்கு உரிய நாட்கள்.

இந்நோய்க்கு எந்த மருந்து சிறந்தது, மாத்திரை போதுமா, காதினுள் ஊசி போட வேண்டுமா, மருத்துவமனையில் சேர்ந்து டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டால் விரைவில் குணமாகுமா என்ற வினாக்கள் நோயாளிகளிடமும் உடனிருந்து கவனிப்போரிடமும் இயல்பாக எழுகின்றன. இவ்வினாக்களுக்கு இன்றுவரை கிடைத்துள்ள மருத்துவச் சான்றுகள் கூறும் விடைகளை இப்பக்கம் விளக்குகிறது. இது மருத்துவ ஆலோசனைக்கு மாற்று அன்று. மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும், எதைச் சொல்ல வேண்டும் என்பதை நீங்கள் அறிந்துகொள்ள இது உதவும்.

காதினுள் நிகழ்வது என்ன?

ஒலி முதலில் செவிப்பறையை அதிரச் செய்கிறது. அவ்வதிர்வு நடுச்செவியிலுள்ள மூன்று சிற்றெலும்புகளின் வழியாக உட்செவியை அடைகிறது. அங்கே நத்தை ஓட்டைப்போல் சுருண்டிருக்கும் காக்ளியா என்னும் உறுப்பிலுள்ள நுண்ணிய மயிரணுக்கள் அதிர்வை நரம்புக் குறிப்புகளாக மாற்றி மூளைக்கு அனுப்புகின்றன. காதழுக்கு, தண்ணீர், சளி, செவிப்பறைத் துளை ஆகியவை ஒலி உட்செவியை அடையும் வழியில் தடையை உண்டாக்குகின்றன. இத்தடைகள் பெரும்பாலும் நீக்கத்தக்கவை. திடீர் உணர்நரம்புச் செவித்திறன் இழப்போ காக்ளியாவையும் செவி நரம்பையும் தாக்குவது. எண்ணெயும் சொட்டு மருந்தும் அவ்விடத்தைச் சென்றடைய மாட்டா.

மூன்று நாட்களுக்குள், அதாவது 72 மணி நேரத்திற்குள், அடுத்தடுத்த மூன்று ஒலி அலைவரிசைகளில் 30 டெசிபல் அல்லது அதற்கு மேல் கேட்கும் திறன் குறைவதை மருத்துவர்கள் இந்நோயின் வரையறையாகக் கொள்கின்றனர். கிசுகிசுப்பாகப் பேசும் குரல் ஏறத்தாழ 30 டெசிபல். இயல்பான உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபல். ஆகவே 30 டெசிபல் இழப்பு என்பது எளிதாகத் தோன்றினாலும், சந்தை இரைச்சலில் எதிரே நிற்பவர் பேசுவது புரியாமற்போகும் அளவுக்கு அது பெரிது. பெரும்பாலும் ஒரு காதே பாதிக்கப்படுகிறது.

அமெரிக்கக் கணக்கீடுகளின்படி ஆண்டுக்கு ஒரு இலட்சம் பேரில் 5 முதல் 27 பேருக்கு இது ஏற்படுகிறது. பத்தில் ஒன்பது பேரிடம் காரணம் இன்னதென்று உறுதியாகக் கண்டறிய முடிவதில்லை. வைரஸ் தொற்று, உட்செவிக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக்குழாயில் தடை, உடலின் எதிர்ப்பாற்றல் தன் உறுப்பையே தாக்குதல் ஆகியவை ஐயத்திற்குரிய காரணங்கள். புகழ்பெற்ற பின்னணிப் பாடகி அல்கா யாக்னிக், விமானத்திலிருந்து இறங்கி நடந்தபோது திடீரெனத் தமக்கு எதுவும் கேட்கவில்லை என்றும், வைரஸ் தாக்குதலால் உணர்நரம்புச் செவித்திறன் இழப்பு ஏற்பட்டதாக மருத்துவர்கள் கண்டறிந்ததாகவும் 2024 ஜூன் மாதம் தாமே அறிவித்தார். இந்நோய் எவருக்கும், எந்தத் தொழில் செய்பவருக்கும் வரலாம்.

அடைப்பா, நரம்பா? வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை

வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று நீட்டி முனகிப் பாருங்கள். காதழுக்கு அல்லது தண்ணீரால் அடைப்பு என்றால், அந்த ஒலி கேளாத காதின் பக்கமே உரக்கக் கேட்கும். நன்றாகக் கேட்கும் காதின் பக்கம் ஒலி சாய்ந்து கேட்டால், நரம்புப் பாதிப்பு இருக்கக்கூடும். மருத்துவர் இசைக்கவையை அதிரச் செய்து நெற்றியின் நடுவில் வைத்துப் பார்ப்பதும் இதே அடிப்படையில்தான். வீட்டுச் சோதனை ஐயத்தை எழுப்புவதற்கு மட்டுமே உரியது. ஒலி எந்தப் பக்கம் கேட்டாலும், ஒரே நாளில் ஒரு காது கேட்காமற்போனால் மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ முதலில் காதை விளக்கொளியில் பார்த்து, அழுக்கு இருந்தால் அகற்றுவர். அழுக்கு இல்லை, செவிப்பறை இயல்பாக உள்ளது, ஆயினும் காது கேட்கவில்லை என்றால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புமாறு நீங்களே கேட்கலாம். மரக்காணத்திலிருந்து திண்டிவனமும் புதுச்சேரியும் தலா ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையையும் அணுகலாம். புறநோயாளிப் பிரிவு நாட்களையும் நேரத்தையும் முன்னரே கேட்டறிந்து செல்வது ஒரு நாள் கூலி வீணாவதைத் தவிர்க்கும். 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

அங்கே செய்யப்படும் இன்றியமையாத பரிசோதனை, கேட்டல் திறன் அளவீடான ஆடியோகிராம். ஒலிபுகா அறையில் அமர்ந்து, காதில் ஹெட்போனைப் பொருத்திக்கொண்டு, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். வலியற்றது, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சிகிச்சை பயன் தந்ததா என்பதைப் பின்னர் அறிய இதன் முதல் தாள் தேவை. அதைப் பத்திரப்படுத்துங்கள். தலையில் அடிபட்டிருந்தாலன்றிச் சி.டி. ஸ்கேன் இந்நோய்க்குப் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. செவி நரம்பில் கட்டி உள்ளதா என அறிய எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பின்னர் எடுக்கப்படும். அதற்கு நாள் கிடைக்கும்வரை மருந்தைத் தொடங்காமல் காத்திருக்க வேண்டியதில்லை.

ஸ்டீராய்டு மருந்து: பயன் உறுதியா?

இந்நோய்க்கு உலகெங்கும் முதலில் தரப்படுவது ஸ்டீராய்டு வகை மருந்து. அது வீக்கத்தையும் அழற்சியையும் தணிக்கிறது. ஆனால் அதன் பயன் ஐயமின்றி நிறுவப்பட்டுவிட்டது என்று கூறுவது உண்மைக்கு மாறாகும். இதை நோயாளிகள் அறிந்திருக்க வேண்டும்.

1980இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஸ்டீராய்டு மாத்திரை பெற்றவர்களில் 61 விழுக்காட்டினருக்கும், மருந்தற்ற வெற்று மாத்திரை பெற்றவர்களில் 32 விழுக்காட்டினருக்கும் கேட்கும் திறன் மீண்டது. பல பத்தாண்டுகளாக இம்மருந்து வழங்கப்பட்டு வருவதற்கு அந்த ஆய்வே பெரிதும் காரணம். ஆனால் அதில் பங்கேற்றோர் எண்ணிக்கை சிறியது. 2012இல் சுவீடனில் 103 பேரிடம் நடத்தப்பட்டு வெளியான ஆய்வில், பிரெட்னிசோலோன் பெற்றவர்களுக்கும் வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மருந்து எதுவும் இன்றியே மூன்றில் ஒரு பங்கினர் முதல் மூன்றில் இரு பங்கினர் வரை, பெரும்பாலும் முதல் இரு வாரங்களுக்குள், ஓரளவேனும் தாமாகவே குணமடைகின்றனர் என்பதும் அறியப்பட்ட உண்மை. இதனால் யாருக்கு மருந்தால் குணமானது, யாருக்குத் தானாகவே குணமானது என்று பிரித்தறிவது கடினமாகிறது.

அவ்வாறாயின் மருந்து எதற்கு? ஒரு காதின் கேட்கும் திறன் என்றென்றைக்குமாகப் போய்விடும் வாய்ப்பு ஒருபுறம். இரண்டு வாரங்களுக்கு மட்டும் உட்கொள்ளும் மலிவான மருந்து மறுபுறம். உடலில் வேறு தடை இல்லாதவருக்கு இத்தராசு பொதுவாகச் சிகிச்சையின் பக்கமே சாய்கிறது. இக்காரணத்தால் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி, நோய் தொடங்கி இரண்டு வாரங்களுக்குள் ஸ்டீராய்டு தரலாம் என்று கூறுகிறது. "தந்தே ஆக வேண்டும்" என்று அது கூறவில்லை. உங்கள் மருத்துவர் உங்கள் உடல்நிலையைக் கேட்டறிந்த பின்னரே மருந்து எழுதுவதற்கும், சிலருக்கு மாத்திரையைத் தவிர்ப்பதற்கும் இதுவே அடிப்படை.

மாத்திரையும் காதினுள் ஊசியும்

வழக்கமான முறையில் பிரெட்னிசோலோன் மாத்திரை உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 மில்லிகிராம் என்ற கணக்கில், நாளொன்றுக்கு 60 மில்லிகிராமுக்கு மிகாமல் தரப்படுகிறது. ஒன்று முதல் இரண்டு வாரங்கள் முழு அளவும், பின்னர் சில நாட்களில் படிப்படியாகக் குறைத்தும் உட்கொள்ள வேண்டும். முழு அளவையும் காலை உணவுக்குப் பின் ஒரே வேளையாக உட்கொள்வது உறக்கக் குறைவைத் தணிக்கும். இரண்டு நாட்களில் காது தெளிந்துவிட்டது என்று மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

காதினுள் ஊசி என்பது கேட்பதற்கு அச்சம் தருவது. செய்முறை அத்தனை கடுமையானதன்று. செவிப்பறையை மரத்துப்போகச் செய்த பின், மிக மெல்லிய ஊசியால் அதன் வழியே நடுச்செவியினுள் அரை மில்லிலிட்டர் அளவில் டெக்சாமெத்தசோன் அல்லது மெத்தில்பிரெட்னிசோலோன் செலுத்தப்படுகிறது. பின்னர் அந்தக் காது மேலே இருக்குமாறு ஒருக்களித்து, எச்சில் விழுங்காமலும் பேசாமலும் இருபது முப்பது நிமிடங்கள் படுத்திருக்க வேண்டும். மருந்து நடுச்செவியிலிருந்து உட்செவிக்குள் ஊறிச் செல்வதற்கே இந்தக் காத்திருப்பு. பொதுவாக இரண்டு வாரங்களில் மூன்று அல்லது நான்கு ஊசிகள் போடப்படும். போடும்போது சுருக்கென்ற வலியும் சிறிது நேரத் தலைசுற்றலும் ஏற்படலாம். மிகச் சிலருக்குச் செவிப்பறையில் சிறு துளை ஆறாமல் நின்றுவிடுவதுண்டு.

எது மேல்? 2011இல் வெளியான ஓர் ஆய்வு இக்கேள்வியை நேரடியாக எழுப்பியது. அமெரிக்காவில் 16 மையங்களில் 250 நோயாளிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் 14 நாட்களுக்கு நாள்தோறும் 60 மில்லிகிராம் பிரெட்னிசோன் மாத்திரை உட்கொண்டு, அடுத்த 5 நாட்களில் அளவைக் குறைத்தனர். மற்றக் குழுவினருக்கு இரண்டு வாரங்களில் நான்கு முறை காதினுள் மெத்தில்பிரெட்னிசோலோன் செலுத்தப்பட்டது. இரண்டு மாதங்களின் முடிவில் மாத்திரைக் குழுவினரின் கேட்கும் திறன் சராசரியாக 30.7 டெசிபலும், ஊசிக் குழுவினருடையது 28.7 டெசிபலும் உயர்ந்திருந்தது. இந்த 2 டெசிபல் வேறுபாட்டை எந்தக் காதும் உணராது.

ஆற்றலில் ஏறத்தாழ நிகரான இரு முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், பக்கவிளைவுகளும் நோயாளியின் வாழ்க்கைச் சூழலுமே முடிவு செய்ய வேண்டும். மாத்திரை உடல் முழுவதும் பரவுகிறது. சர்க்கரை, இரத்த அழுத்தம், உறக்கம், மனநிலை, வயிறு ஆகிய அனைத்தையும் அது தொடுகிறது. ஊசி மருந்து பெரும்பாலும் காதோடு நின்றுவிடுகிறது. ஆனால் மாத்திரைக்கு ஒரு முறை மருத்துவமனைக்குச் சென்றால் போதும். ஊசிக்கு நான்கு முறை செல்ல வேண்டும். உப்பு விளையும் மாதங்களில் நான்கு நாள் கூலியை இழப்பதும், ஒவ்வொரு முறையும் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வதும் பல குடும்பங்களுக்குச் சிறிய செலவன்று. இதை மருத்துவரிடம் கூறத் தயங்க வேண்டாம். சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க இதுவும் மருத்துவக் காரணத்திற்கு இணையான காரணமே.

இரண்டையும் ஒருங்கே தருவதும் நடைமுறையில் உண்டு. அதனால் சிறிதளவு கூடுதல் பயன் கிடைக்கக்கூடும் எனச் சில ஆய்வுகள் காட்டினாலும், சான்று வலுவானதன்று. கேட்கும் திறன் மிகக் கடுமையாகக் குறைந்தவருக்கு மருத்துவர் இதைப் பரிந்துரைக்கலாம்.

காதினுள் ஊசிக்கு மற்றுமோர் இடமுண்டு. மாத்திரை முழுவதையும் உட்கொண்ட பின்னும் முன்னேற்றம் போதாது எனில், நோய் தொடங்கிய இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள் இந்த ஊசியை மீட்புச் சிகிச்சையாகத் தரலாம். ஆகவே தாமதமாக வந்தவரும், மாத்திரை பலிக்காதவரும் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீடு திரும்ப வேண்டியதில்லை.

டிரிப்ஸ் ஏற்றினால் வலு அதிகமா?

மருந்து நேரடியாக இரத்தத்தில் சேர்ந்தால் விரைந்து வேலை செய்யும், அளவு கூடினால் பயனும் கூடும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. டிரிப்ஸ் ஏற்றாத மருத்துவரை நல்ல மருத்துவர் அல்லர் என்று எண்ணுவோரும் உளர். இந்நோயைப் பொறுத்தவரை அந்நம்பிக்கை அண்மையில் நேரடியாகச் சோதிக்கப்பட்டது. ஜெர்மனியில் 39 மையங்களில் 325 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2024இல் வெளியான ஆய்வில் மூன்று முறைகள் ஒப்பிடப்பட்டன: ஐந்து நாட்களுக்கு நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் சிரைவழியாக, ஐந்து நாட்களுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் மாத்திரையாக, வழக்கமான 60 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் மாத்திரை ஐந்து நாட்களுக்குத் தந்து, பின்னர் குறைத்தல்.

முப்பதாம் நாளில் கேட்கும் திறனில் ஏற்பட்ட உயர்வு முறையே சராசரியாக 34.2, 41.4, 41.0 டெசிபலாக இருந்தது. அதிக அளவு மருந்து தந்ததால் மேலதிகப் பயன் எதுவும் கிடைக்கவில்லை. பக்கவிளைவுகளே மிகுந்தன. எனவே "பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்து டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ளப் பணமில்லையே, மாத்திரைதானே கொடுத்தார்கள்" என்று வருந்துவதற்கு இடமில்லை. அதற்காக நகையை அடகு வைக்கவும் வேண்டாம்.

மருந்து தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

சர்க்கரை நோயாளிக்கு ஸ்டீராய்டு மாத்திரை இரத்தச் சர்க்கரையை விரைவாக உயர்த்தும். இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். காலையில் உட்கொண்ட பிரெட்னிசோலோன் பிற்பகலிலும் மாலையிலும்தான் சர்க்கரையை மிகுதியாக உயர்த்துகிறது. மறுநாள் விடிவதற்குள் அது தணிந்தும்விடலாம். ஆகவே வெறும் வயிற்றில் மட்டும் பரிசோதித்துவிட்டு, சர்க்கரை சரியாக உள்ளது என்று நிம்மதி கொள்வது தவறாக முடியும். மதிய உணவுக்குப் பின்னும் மாலையிலும் பரிசோதிக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் வீட்டிலேயே சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் பெறுபவர்கள், வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் ஸ்டீராய்டு தொடங்கியுள்ளதைக் கூறுங்கள். அம்மாத்திரைகளின் அட்டைகளை மருத்துவமனைக்கு உடன் எடுத்துச் செல்லுங்கள். கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதை 2021இல் கருப்புப் பூஞ்சை நோய் நமக்குக் காட்டியது. சர்க்கரை மிகுந்துள்ளவருக்குக் காதினுள் ஊசியே முதல் தேர்வாக அமைவது இதனால்தான்.

காசநோய் இப்போது உள்ளதா, முன்பு இருந்ததா, வீட்டில் எவருக்கேனும் உள்ளதா என்பதைச் சொல்லுங்கள்; ஸ்டீராய்டு உறங்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடும். காசநோய்க்கென ஊசி மருந்து பெறுபவராயின் அதை முதலிலேயே கூற வேண்டும். அவ்வகை ஊசிகளில் சில, காது நரம்பையே பாதிப்பவை. வயிற்றுப்புண், கண் அழுத்த நோய், மனநல மருந்துகள், கர்ப்பம் ஆகியவற்றையும் மறைக்க வேண்டாம்.

நாள் முழுவதும் உப்பு வாரியும் தலைச்சுமை தூக்கியும் வரும் உடல்வலிக்குக் கடையில் கேட்டு வலிமாத்திரை வாங்கி உட்கொள்ளும் பழக்கம் பலருக்கு உள்ளது. டைக்ளோஃபெனாக் போன்ற அம்மாத்திரைகள் ஸ்டீராய்டுடன் சேரும்போது வயிற்றில் புண்ணும் இரத்தக்கசிவும் ஏற்படும் ஆபத்துப் பெருகுகிறது. இந்த இரண்டு மூன்று வாரங்களுக்கு அவற்றை முற்றிலும் தவிர்க்க வேண்டும். மலம் கறுத்துப் போனால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். ஸ்டீராய்டு உடலில் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கிறது; அதனால் முகம் உப்பலாம், இரத்த அழுத்தம் உயரலாம். கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றை மருந்து முடியும்வரை குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தண்ணீரைக் குறைக்கக் கூடாது. அளத்து வெயிலில் வியர்த்து உழைப்பவர் நீரின்றி வாடினால் சிறுநீரகமும் துன்புறும். உப்பிட்ட மோருக்கும் கூழுக்கும் எவ்வளவு இடம் தரலாம் என்பதை உங்கள் இரத்த அழுத்தத்தைப் பார்த்து மருத்துவர் கூறுவார். இயலுமானால் அந்நாட்களில் உச்சிவெயில் வேலையைத் தவிர்ப்பது நன்று.

காதினுள் ஊசி போட்டுக்கொண்டவர், செவிப்பறை ஆறிவிட்டதென மருத்துவர் கூறும்வரை காதில் தண்ணீர் படாமல் காக்க வேண்டும். கடலிலும் கழிமுகத்திலும் முங்கிக் குளித்தல் கூடாது. தலைக்குக் குளிக்கும்போது, வாசலின் தடவிய பஞ்சைக் காதின் வெளிவாயில் வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் விடுதல் அறவே கூடாது.

தேவையற்ற மருந்துகள்

இந்நோய்க்கு எழுதப்படும் மருந்துச் சீட்டுகள் சில வேளை நீளமானவை. வைரஸ் எதிர்ப்பு மருந்துகள், இரத்தக்குழாயை விரிக்கும் மருந்துகள், இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துகள் ஆகியவற்றால் பயன் உண்டு என்பதற்குச் சான்று இல்லை. அவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்பதே 2019 வழிகாட்டியின் அறிவுரை. ஸ்டீராய்டு ஒரு சில ரூபாயில் கிடைக்க, உடன் வரும் சத்து மாத்திரைகளுக்கு நூற்றுக்கணக்கில் செலவாகும் நிலை விந்தையானது. ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு என்று கேட்பது நோயாளியின் உரிமை.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. காது மடலிலோ துளையிலோ கொப்புளங்கள் தோன்றி, அதே பக்கத்து முகமும் கோணினால், அது அக்கி வைரஸின் தாக்குதல். அந்நிலையில் வைரஸ் எதிர்ப்பு மருந்து கட்டாயம் தேவை.

உயர் அழுத்த ஆக்சிஜன் அறையில் அமர்த்தித் தரும் சிகிச்சை பெருநகரங்களில் சில இடங்களில் மட்டுமே கிடைக்கிறது. அதனை ஸ்டீராய்டுடன் சேர்த்து இரண்டு வாரங்களுக்குள், அல்லது மீட்புச் சிகிச்சையாக ஒரு மாதத்திற்குள் தரலாம் என வழிகாட்டி கூறுகிறது. தனித்து இதை மட்டும் மேற்கொள்வதற்கு ஆதாரம் இல்லை. பல நாட்கள் தொடர்ந்து செல்ல வேண்டியிருப்பதால், மரக்காணத்திலிருந்து சென்னைக்குச் சென்று தங்கும் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டு முடிவெடுங்கள்.

உடனே 108ஐ அழைக்க வேண்டிய நிலை

காது கேட்காமற்போவதுடன் முகம் ஒருபுறம் கோணுதல், பேச்சுக் குழறல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், கை கால் வலுவிழத்தல், நிற்க இயலாத தலைசுற்றல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். புறநோயாளிப் பிரிவு திறக்கும்வரை காத்திருக்கலாகாது. இரு காதுகளும் ஒரே நேரத்தில் கேட்காமற்போனாலும் அன்றே மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

சிகிச்சைக்குப் பின்

மருந்து முடிந்தவுடன் ஒரு முறையும், ஆறு மாதங்களுக்குள் மறுமுறையும் ஆடியோகிராம் எடுக்க வேண்டும். இழப்புக் குறைவாக இருந்தவர்கள், இளையோர், தலைசுற்றல் இல்லாதவர்கள் ஆகியோரிடம் மீட்சி நன்றாக இருப்பதைக் காண்கிறோம். முதுமையும், கடும் இழப்பும், தலைசுற்றலும் சேர்ந்திருந்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள நேரும். அதனை மருத்துவரோ குடும்பத்தினரோ நோயாளியிடம் மறைப்பதால் நன்மை இல்லை.

ஒரு காது மட்டும் கேட்பவருக்கு ஒலி வரும் திசை தெரியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடக்கும்போதும், அளத்தின் கரையில் லாரி பின்னோக்கி வரும்போதும் இதனால் விபத்து நேரலாம். இருபுறமும் திரும்பிப் பார்த்தே அடியெடுத்து வைக்க வேண்டும். கேளாத காதின் பக்கம் நின்று அழைக்க வேண்டாம் என்று உடன் வேலை செய்பவர்களிடம் கூறிவையுங்கள். வீட்டார், நோயாளியின் முகத்துக்கு நேரே நின்று, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பேசுவது பெரிதும் உதவும். காதிரைச்சல் இரவின் அமைதியில் மிகுவதுபோல் தோன்றும். மின்விசிறியின் ஒலியோ தாழ்ந்த இசையோ அதனை மறைக்கும்.

எஞ்சிய இழப்புக்குக் காது கேட்கும் கருவி பொருத்தலாம். கேளாத காதின் பக்கம் வரும் ஒலியை வாங்கி நல்ல காதுக்கு அனுப்பும் கருவிகளும் உண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைப் பொறுத்தமட்டில், 2016ஆம் ஆண்டுச் சட்டம் இரு காதுகளின் இழப்பையும் கணக்கில் கொள்கிறது. பேச்சு அலைவரிசைகளில் இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு இருந்தால் செவித்திறன் குறையுடையோர் என்றும், இரு காதுகளிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் கேளாதோர் என்றும் வகைப்படுத்துகிறது. மறு காது நன்றாகக் கேட்பவர்கள் இவ்வரையறைக்குள் வருவதில்லை என்பதால், விண்ணப்பிக்குமுன் இரு காதுகளின் அளவீட்டுத் தாளையும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.